பாப்கேட்டில் குழி தோண்ட எதை மாட்டுவது? (காரிமங்கலம் பக்கம், கல் கலந்த செம்மண்)

காரிமங்கலத்தான்:
எல்லோருக்கும் வணக்கம். இரண்டு மாதத்துக்கு முன் பழைய பாப்கேட் (முன்னால் பக்கெட் வைத்த, நின்ற இடத்தில் திரும்பும் சின்ன வண்டி) ஒன்று வாங்கினேன். பர்கூர் பக்கம் ஒரு கிரானைட் பாலிஷ் யூனிட்டில் சேறும் கல் துண்டும் அள்ளிக்கொண்டிருந்த வண்டி. யூனிட்டை மூடிவிட்டார்கள், விலை படிந்தது, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டேன். முன்னால் பக்கெட் மட்டும்தான் இருக்கிறது. எரு அள்ள, மண் நிரவ அது போதும். சிக்கல் தோண்டுவதில்.

நிலம் ஆறு ஏக்கர். சுற்றளவு ஏறக்குறைய 2,100 அடி, வேலிக்குப் பத்தடிக்கு ஒரு கல்லுக்கால் என்றால் 210 குழி. இரண்டு ஏக்கரில் பெங்களூரா மா வைக்கிறேன், 10 மீட்டருக்கு 5 மீட்டர், 160 கன்று. அப்புறம் கிணற்றிலிருந்து மேட்டுத் தொட்டி வரை 900 அடி பைப்லைன், இரண்டடி ஆழம். நம் வேலை முடிந்தால் அக்கம்பக்கத்துக்கு வாடகைக்கு ஓட்டலாம் என்றும் ஒரு எண்ணம்.

மூன்று சாமான் சொல்கிறார்கள்: ஆகர் (சுற்றிக் குழி போடும் திருகு), செயின் டிரெஞ்சர் (பல் வைத்த செயினால் வாய்க்கால் அறுப்பது), ஜேசிபி பின்னால் இருக்கிற மாதிரிக் கை. கையில் இருக்கும் காசுக்கு ஒன்றுதான் வாங்க முடியும். மச்சான், கையை வாங்கிவிடு, எல்லாத்தையும் அதுவே தோண்டும் என்கிறார். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மொரப்பூர் ஆபரேட்டர்:
தம்பி, மச்சானை நம்பிக் காசைப் போட்டுவிடாதீங்க. பதினாலு வருடமாக ஜேசிபி ஓட்டுகிறேன், ஜேசிபிக்கு ஆள் பிடிக்கிறான் என்று நினைத்தாலும் பரவாயில்லை. பின்கையால் தோண்டும்போது எங்கள் வண்டி என்ன செய்கிறது என்று ஒரு தடவை கீழே குனிந்து பாருங்கள். ஏழு டன்னுக்கு மேல் எடை, இரண்டு பக்கமும் கால் ஊன்றியிருக்கும், முன் பக்கெட்டையும் தரையில் அமுக்கி வைத்திருப்போம், இத்தனைக்கும் பாறை தட்டினால் வண்டி பின்னாலேயே இழுபடும். உங்கள் வண்டி எத்தனை டன்? இரண்டரை? அதன் மூக்கில் அந்தக் கையை மாட்டி இழுத்தால் மண் உங்களிடம் வராது, நீங்கள்தான் மண்ணிடம் போவீர்கள்.

அதிலும் இரண்டு வகை இருக்கிறது. கால் ஊன்றி, சேஸிஸில் தாங்கு கொடுத்து, இடம் வலம் சுழலும் கை ஒன்று. அது நல்ல சாமான்தான், ஆனால் உங்கள் வண்டி விலையில் பாதிக்கு நிற்கும். இன்னொன்று சுழலவே சுழலாத மொட்டைக் கை. ஒவ்வொரு வாரலுக்கும் வண்டியையே திருப்பி மண்ணைக் கொட்ட வேண்டும். நான்கு சக்கரமும் தேய்ந்து இழுபட்டுத் திரும்புகிற வண்டி அது, மத்தியானத்துக்குள் நிலம் செக்கடி மாதிரி ஆகிவிடும். பக்கவாட்டு இழுப்பெல்லாம் பூம் (பக்கெட்டைத் தூக்கும் கை) இணைப்புப் பின்னில் போய் விழும். ஆறு மாதத்தில் பின்னும் புஷ்ஷும் கடகடவென்று ஆடும், அப்புறம் பக்கெட்டும் நேராக நிற்காது.

பாப்பாரப்பட்டி டிராக்டர்:
இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? டிராக்டர் ஆகர் எல்லா ஊரிலும் வாடகைக்கு இருக்கிறது. 210 குழியை ஆள் வைத்து இரண்டு நாளில் போட்டுவிடலாம். பாப்கேட்டை எரு அள்ளத்தான் செய்தார்கள், அதை அள்ள விடுங்கள்.

காரிமங்கலத்தான்:
அண்ணா, டிராக்டர் ஆகரைப் போன வருடம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன். வடக்கு ஓரத்தில் பதினேழு குழி போட்டார், ஆறு ஷியர் போல்ட் (பாரம் மிஞ்சினால் அறுந்துகொடுக்கும் போல்ட்) அறுந்தது. ஒன்றரை அடிக்குக் கீழே பிட் (ஆகரின் திருகுத் தண்டு) சும்மா சுற்றிக்கொண்டே இருக்கிறது, இறங்கவே மாட்டேன் என்கிறது. மீதியைக் கடப்பாரையால் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மல்பெரி ராயக்கோட்டை:
தம்பி, எதை மாட்டுவது என்பதற்கு முன்னால், கீழே என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா? நம்ம பக்கம் மேலே ஒரு அடி செம்மண்ணைப் பார்த்து ஏமாறாத ஆளே கிடையாது. அதற்குக் கீழே சரளை, அதற்கும் கீழே சுக்கான் (சுண்ணாம்புக் கல்), இல்லாவிட்டால் நேரே குண்டுக்கல். பக்கத்துப் பக்கத்து வயலிலேயே மாறும். வேலிக் கோட்டில் நூறு அடிக்கு ஒரு இடமாகக் கடப்பாரையை இறக்கிப் பாருங்கள். எத்தனை அடியில் ‘தொப்’ சத்தம் போய் ‘ணங்’ சத்தம் வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நாள் கூலி. லட்சக்கணக்கில் சாமான் வாங்குவதற்கு முன் அந்த ஒரு நாளைச் செலவழிக்கலாம்.

நான் இதைச் செய்யாமல் பட்டேன். சொட்டு நீர் மெயின் பைப்புக்கு டிரெஞ்சர் கூப்பிட்டோம். முதல் 200 அடி வெண்ணெய் மாதிரி போயிற்று, ஆறங்குல அகலத்தில் கோடு கிழித்த மாதிரி வாய்க்கால், நானே வீடியோ எடுத்தேன். அப்புறம் முட்டையளவுக் கல்லாக வர ஆரம்பித்தது. செயினுக்கும் பாருக்கும் நடுவில் ஒரு கல் போய் உட்கார்ந்தது, செயின் கழன்றது, மாட்டினார்கள், மறுபடி கழன்றது. மூன்றாவது தடவை இரண்டு பல் காணோம். பல்லைத் தேடி மண்ணைக் கிளறியதுதான் அன்றைய வேலை. கெட்டியான மண்ணையும் ஒரே சீரான சுக்கானையும்கூட அது அறுத்துவிடும். மண்ணில் உருளும் உதிரிக் கல்தான் அதற்கு எமன்.

ஓசூர் ஹைட்ராலிக்ஸ்:
நான் பட்டறைக்காரன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எல்லோரும் மண்ணையும் சாமானையும் பேசுகிறீர்கள், நடுவில் இருக்கிற ஆயிலை யாரும் பேசவில்லை. ஆகரும் டிரெஞ்சரும் ஓடுவது உங்கள் என்ஜின் குதிரைத்திறனில் கிடையாது, முன் பூமுக்கு வரும் அந்த இரண்டு ஹோஸ் வழியாக நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஆயில், எத்தனை பார் அழுத்தத்தில் வருகிறது என்பதில்தான். சாதா வண்டியில் 60 முதல் 80 லிட்டர் வரை வரும், ஹை ஃப்ளோ (அதிக ஆயில் தரும் அமைப்பு) போட்ட வண்டியில் 110க்கு மேல். உங்களுடையது கிரானைட் யார்டில் பக்கெட் மட்டும் அடித்த வண்டி, ஹை ஃப்ளோ இருக்க வாய்ப்பில்லை.

கணக்கு சுலபம். ஆகர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 250 சிசி ஆயில் குடிக்கிறது, நீங்கள் 60 லிட்டர் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். 60,000ஐ 250ஆல் வகுத்தால் 240 சுற்று. கீழே 4க்கு 1 கியர்பாக்ஸ் இருந்தால் பிட் நிமிடத்துக்கு 60 தடவை சுற்றும். நல்ல மண்ணுக்கு அது சரி. கல்லுக்கு அது வேகம் அதிகம், பல் தீய்ந்துவிடும். அங்கே 500 சிசி மோட்டார் போட்டால் சுற்று 30 ஆகக் குறையும், முறுக்கு விசை இரட்டிப்பாகும். கடைக்காரர் ‘எல்லா வண்டிக்கும் பொருந்தும்’ என்று சொன்னால், ஹோஸ் பொருந்தும் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. சில மோட்டாருக்கு மூன்றாவதாக ஒரு சின்ன ஹோஸ் உண்டு, கேஸ் டிரெயின் என்போம். உள்ளே கசியும் ஆயில் அழுத்தமில்லாமல் டேங்குக்குத் திரும்ப அந்த வழி வேண்டும். வண்டியில் அதற்கு இடமில்லை என்று அதை அடைத்துவிட்டு ஓட்டிய ஒருவர் பட்டறைக்கு வந்தார். ஷாஃப்ட் சீல் பீய்ச்சியதில் சட்டை, பேண்ட், முன்கண்ணாடி எல்லாம் ஆயில். சீல் விலை கொஞ்சம்தான், ஆனால் அதற்குள் பேரிங் போய்விட்டது.

காரிமங்கலத்தான்:
பிளேட்டில் எழுத்தே இல்லை அண்ணா, கல் தூளில் தேய்ந்து வெள்ளையாகிவிட்டது. எத்தனை லிட்டர் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஓசூர் ஹைட்ராலிக்ஸ்:
ஃப்ளோ மீட்டர் உள்ள பட்டறையில் அரை மணி வேலை. ஆனால் ஆயில் சூடேறிய பிறகு பாருங்கள். சூடேறாத வண்டியில் காலையில் வரும் அளவு பொய். பம்ப் தேய்ந்திருந்தால் சூட்டில்தான் குட்டு வெளிப்படும்.

அரூர் வாத்தியார்:
ஓய்வு பெற்றவன், நேரம் இருக்கிறது, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். மாங்கன்றுக் குழியை யாரும் தொடவில்லை. நாம் வெட்டுவது மூன்றடிக்கு மூன்றடி, ஆழம் மூன்றடி. 27 கன அடி. இருப்பதில் பெரிய ஆகர் பிட் இரண்டடி விட்டம் என்று வைத்துக்கொண்டாலும் மூன்றடி ஆழத்துக்கு ஒன்பதரைக் கன அடிதான் வரும், மூன்றில் ஒரு பங்கு. அதைவிட முக்கியம், செம்மண் ஈரமாக இருக்கும்போது ஆகர் சுவரைத் தேய்த்துத் தேய்த்துப் பானை உள்பக்கம் மாதிரி மெழுகிவிடும். கன்றின் வேர் அந்தச் சுவரைத் துளைக்க முடியாமல் உள்ளேயே வளைந்து சுற்றும். நான்கைந்து வருடம் கழித்து ஆடிக் காற்றில் மரம் சாய்ந்தபிறகு பார்த்தால் வேர் தொட்டியில் வளர்ந்தது மாதிரியே இருக்கும். ஆகரில் போட்டே தீருவேன் என்றால் சுவரைக் கடப்பாரையால் நாலு பக்கமும் கொத்திவிட வேண்டும். 160 குழியைக் கொத்துவதற்குப் பதில் வேறு வழி பார்ப்பது மேல்.

நண்பர் ஒருவர், எரு அள்ளச் செய்த வண்டி என்றார். கிண்டலாகச் சொன்னாரோ என்னவோ, அது உண்மை. 1957இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் கெல்லர் என்ற இரண்டு சகோதரர்கள், வான்கோழிப் பண்ணை வைத்திருந்த ஒருவர் கேட்டதற்காகச் செய்த வண்டியிலிருந்து வந்ததுதான் இது. கொட்டகைத் தூண்களுக்கு நடுவில் நின்ற இடத்திலேயே திரும்பி எரு வார வேண்டும் என்பதுதான் கேட்ட தேவை. பாப்கேட் என்ற பெயரே 1962இல்தான் வைத்தார்கள். ஒரு கம்பெனியின் பெயர் எல்லா வண்டிக்கும் ஒட்டிக்கொண்டது, ஜேசிபி மாதிரி. பிறவியிலேயே வாரும் வண்டி அது, இழுத்துத் தோண்டும் வண்டி கிடையாது. ஆனால் அழுத்தத் தெரியும். டிராக்டரின் பின் லிஃப்ட் தூக்குவதோடு சரி, கீழே விடும்போது ஆகர் தன் எடையில்தான் இறங்க வேண்டும். காரிமங்கலத்தார் நிலத்தில் பிட் சும்மா சுற்றியதற்குக் காரணம் அதுதான். பாப்கேட்டின் பூம் மேலிருந்து கீழே தள்ளும்.

மொரப்பூர் ஆபரேட்டர்:
வாத்தியார் சொன்னால் சரிதான். ஆனால் ஒன்று, ஜேசிபி தோண்டினால் ஊரே வேடிக்கை பார்க்கக் கூடும், ஆகர் போட்டால் நாய்கூட வராது 😀

பாப்பாரப்பட்டி டிராக்டர்:
நான் கிண்டலாகத்தான் சொன்னேன் சார். அழுத்தம் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் ஆகரில் பிட்மேல் மணல் மூட்டையைக் கட்டித் தொங்கவிடுகிறவர்கள் உண்டு, நானே கட்டியிருக்கிறேன். ஆனால் கல் இல்லாத நிலத்தில் எங்களிடம் வாங்கும் வாடகைக்குப் பாப்கேட் கட்டுப்படியாகாது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், வாடகைக்கு ஓட்டுவேன் என்கிறாரே.

காரிமங்கலத்தான்:
ராயக்கோட்டை அக்கா சொன்ன மாதிரி நேற்றும் இன்றும் கடப்பாரை போட்டுப் பார்த்தேன், இருபத்தொரு இடம். தெற்கும் கிழக்கும் இரண்டடிக்கும் கீழே வரை செம்மண்ணும் பொடிச் சரளையும், தடையில்லை. வடக்கு ஓரம் முழுக்க ஒன்றரை அடியில் சுக்கான். கடப்பாரை பட்டால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக உதிர்கிறது, ஆனால் உதிர்கிறது. மேற்கு மூலையில் ஐந்து இடத்தில் ஒரு அடியிலேயே ணங். பைப்லைன் போகும் கோடு மேற்கு மூலை வழியாகத்தான் போகிறது, முட்டைக் கல்லும் தேங்காய் அளவுக் கல்லும் கலந்து வருகிறது.

இன்று சாயங்காலம் பட்டறையில் மீட்டரும் போட்டோம். குளிர்ந்த ஆயிலில் 60 லிட்டர், நாற்பது நிமிடம் ஓடிய பிறகு 48 லிட்டர், 170 பார்.

ஓசூர் ஹைட்ராலிக்ஸ்:
அப்படியென்றால் 48ஐ 170ஆல் பெருக்கி 600ஆல் வகுங்கள், 13.6 கிலோவாட், சுமார் 18 குதிரைத்திறன். வண்டியில் 50 குதிரைத்திறன் என்ஜின் இருந்து என்ன, மூக்குக்கு வருவது இவ்வளவுதான். டிரெஞ்சரை மறந்துவிடுங்கள். இந்த ஆயிலுக்கு அது ஆமை மாதிரி ஊரும், உங்கள் மேற்கு மூலைக் கல்லில் அக்காவுக்கு நடந்தது அப்படியே நடக்கும். ஆகருக்கு 250 சிசி மோட்டார், 4க்கு 1 கியர்பாக்ஸ் என்றால் 48 சுற்று வரும். சுக்கானுக்குக் கொஞ்சம் வேகம்தான், ஆனால் த்ராட்டிலைக் குறைத்துச் சமாளிக்கலாம். வாங்கும்போது கேஸ் டிரெயின் தேவையில்லாத மோட்டாரா என்று கேட்டு வாங்குங்கள். அப்புறம் ஆயில் கூலரைக் கழற்றிக் கழுவுங்கள். கிரானைட் தூள் தண்ணீர் பட்டுச் சிமெண்ட் மாதிரி இறுகியிருக்கும், மேலே ஏர் அடித்தால் போகாது. பாதிச் சூடு அதனால்தான்.

ஜெகதேவி கல்லுக்கால்:
நான் கல்லுக்கால் விற்கிறவன், இடையில் நுழைகிறேன். எல்லோரும் குழியையே பேசுகிறீர்கள், 210 காலை யார் தூக்குவது? ஏழடி நீளம், ஆறங்குலச் சதுரம் என்றால் ஒரு கால் 130 கிலோ. நான்கு பேர் கயிறு போட்டுத் தூக்கி, ஆளுக்கொரு பக்கம் நகர்த்தி, அதிலேயே பாதிக் கூலி போகும். விரல் நசுங்கியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். பாப்கேட்டுக்கு முதலில் ஃபோர்க் (அடியில் நுழைத்துத் தூக்கும் இரும்பு நாக்கு) வாங்குங்கள், ஆகரைவிட விலை ரொம்பக் கம்மி. ஐந்து காலைப் படுக்கவைத்து ஒரே நடையில் கொண்டுபோய்க் குழிக்குக் குழி இறக்கிவிடலாம். வண்டி எவ்வளவு தூக்கும் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓசூர் ஹைட்ராலிக்ஸ்:
சக்கர வண்டிக்குக் கவிழும் எடையில் பாதியைத்தான் தூக்கும் அளவாகப் போடுவார்கள். ஐந்து கால் 650 கிலோ, ஃபோர்க் எடை தனி. இந்த அளவு வண்டிக்கு விளிம்பில் நிற்கும். நாலாக எடுங்கள், தரையை ஒட்டியே கொண்டுபோங்கள், மேட்டில் ஏறும்போது கனம் மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும்.

மொரப்பூர் ஆபரேட்டர்:
சரி தம்பி, இப்போது எனக்குப் படம் தெளிவாகிவிட்டது. வேலிக்கு ஆகர், 12 அங்குலப் பிட். ஏன் என்றால் அதை ஜேசிபியில் போட்டால் நாறிவிடும். எங்களுடைய சின்ன பக்கெட்டே ஒரு அடி அகலம், இரண்டடி ஆழம் போவதற்குள் குழி மூன்றடி நீளத்துக்குப் படகு மாதிரி ஆகிவிடும். அதில் கல்லுக்காலை நிறுத்தினால் ஆடிக்கொண்டே இருக்கும், சுற்றிலும் கல்லும் மண்ணும் போட்டு இடித்து இடித்து மாளாது.

மாங்குழிக்கும் பைப்லைனுக்கும் ஜேசிபியைக் கூப்பிடுங்கள். என்னையே கூப்பிட வேண்டும் என்று சொல்லவில்லை. மாங்குழி ஒன்று எங்களுக்கு நாலைந்து வாரல். பைப்லைனுக்கு மட்டும் ஒரு அடி பக்கெட் மாட்டி வரச் சொல்லுங்கள். இதைச் சொல்லாவிட்டால் எல்லோரும் இரண்டடி பக்கெட்டோடுதான் வருவார்கள், 900 அடிக்கு இரண்டு மடங்கு மண்ணை வெளியே போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மூடுவதற்கு எங்களை நிறுத்தி வைக்காதீர்கள், மணி வாடகை ஓடும். வாய்க்காலை மூடுவது, மாங்குழிக்கு மேல் மண்ணும் எருவும் தள்ளுவது எல்லாம் உங்கள் வண்டி செய்யட்டும். அந்த வேலையில் எங்களைவிட அது கெட்டிக்காரன்.

அரூர் வாத்தியார்:
மாங்குழி எடுக்கும்போது மேல் ஒரு அடி மண்ணை ஒரு பக்கமும் கீழ் மண்ணை இன்னொரு பக்கமும் போடச் சொல்ல மறக்காதீர்கள். மூடும்போது மேல் மண்தான் எருவோடு முதலில் உள்ளே போக வேண்டும். ஆபரேட்டர் அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே குவியலாகப் போட்டுவிட்டால் அப்புறம் பிரிக்கவே முடியாது.

மல்பெரி ராயக்கோட்டை:
ஒரு விஷயம், ஆகர் சுற்றும்போது பிட்டை நேராக இருக்கிறதா என்று கையால் பிடித்துப் பார்க்கிற பழக்கம் நம்ம ஆட்களுக்கு உண்டு. தோளில் துண்டு, மடித்துக் கட்டாத லுங்கி, பெண்களுக்கு முந்தானை. அந்த மோட்டார் நிற்காது, நின்று யோசிக்காது. சுற்றும்போது பத்தடிக்குள் யாரும் வரக் கூடாது என்று ஒரு கோடு போட்டுவிடுங்கள். பிட் இரண்டு பின்னில் தொங்குகிறது, தானாகவே நேராக நிற்கும், யாரும் பிடிக்க வேண்டியதில்லை. ரோட்டோரமாக வேலி போகிறது என்றால் ஒகேனக்கல் குடிநீர்க் குழாயும் கேபிளும் எங்கே போகிறது என்று பஞ்சாயத்தில் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

பாப்பாரப்பட்டி டிராக்டர்:
எல்லாம் சரி, மேற்கு மூலையில் ஒரு அடியில் ணங் என்கிறாரே, அங்கே என்ன செய்வதாம்? பாறை உடைக்கிற பிரேக்கர் வாங்கச் சொல்லப் போகிறீர்களா?

மொரப்பூர் ஆபரேட்டர்:
அதற்குக் கம்ப்ரசர் டிராக்டர் போதும். ஜாக் ஹாமரில் ஒரு துளை போட்டு உடைத்துக்கொள்ளலாம். பத்திருபது குழிக்குப் பிரேக்கர் வாங்குவதா?

காரிமங்கலத்தான்:
(நாற்பது நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். வேலையில் மூழ்கிவிட்டேன்.)

ஆகர்தான் வாங்கினேன், 12 அங்குலக் கல் பிட்டோடு. ஃபோர்க்கும் வாங்கினேன், அதற்கு மாமனாரிடம் கைமாற்று. மச்சான் இரண்டு நாள் பேசவில்லை.

முதல் நாளே ஒரு அதிர்ச்சி. ஆகரை வண்டியோடு இணைக்கிற பிளேட்டை உள்ளூரில் ஒரு பட்டறையில் வெல்டு செய்து வாங்கியிருந்தேன். துளை அரை அங்குலம் தள்ளி இருந்திருக்கிறது. லீவரை மடக்கினேன், மடங்கியது, பூட்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டு தூக்கினேன். நாலடி உயரத்தில் இடது பக்கம் கழன்று ஆகர் சாய்ந்து ஹோஸில் தொங்கியது. யாரும் பக்கத்தில் இல்லை. அக்கா சொன்ன பத்தடிக் கோட்டை அன்று காலையில்தான் சுண்ணாம்பால் போட்டிருந்தேன். இப்போதெல்லாம் லீவரை நம்புவதில்லை. இறங்கிப் போய் இரண்டு பூட்டு வெட்ஜும் பிளேட்டுத் துளை வழியாகக் கீழே எட்டிப் பார்க்கிறதா என்று கண்ணால் பார்க்கிறேன், அப்புறம் ஆகரைத் தரையில் ஒரு அழுத்து அழுத்தி அசைகிறதா என்று பார்த்த பிறகுதான் தூக்குகிறேன்.

தெற்கிலும் கிழக்கிலும் குழி ஒன்றுக்கு மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் ஒரே மூச்சில் இரண்டடி இறக்கினால் மண் இறுகிப் பிட் உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. ஒரு அடி இறக்கி, மேலே தூக்கி மண்ணை உதறி, மறுபடி இறக்கினால்தான் சரிப்படுகிறது. இதை நாலாவது குழியில் கற்றுக்கொண்டேன், அந்த நாலாவதிலிருந்து பிட்டை எடுக்க ரிவர்ஸ் போட்டு, ஆட்டி, கடைசியில் மண்வெட்டியால் சுற்றித் தோண்டி எடுத்தோம். ஆகர் குழியை ஆள் வைத்துத் தோண்டியதைப் பார்த்துப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் சிரித்தார்.

வடக்கில் சுக்கான் பொடிப்பொடியாக வந்தது. பூமை அழுத்தினால் முன் சக்கரம் தூக்கிக்கொள்கிறது, அதற்குமேல் அழுத்தக் கூடாது என்று அதுவே சொல்லிவிடுகிறது. த்ராட்டிலைப் பாதியில் வைத்தேன், வெள்ளைத் தூள் மாவு மாதிரி வந்தது. குழிக்குப் பத்து நிமிடம். கூலரைக் கழுவியதில் ஆயில் சூடு நன்றாகக் குறைந்தது, உள்ளே இருந்து வந்த கல் மாவில் ஒரு அகல் விளக்கே செய்யலாம்.

மேற்கு மூலையில் பதினான்கு குழி ஆகரால் முடியவில்லை, கம்ப்ரசர் வந்து உடைத்தது. மற்ற 196ம் நம் வண்டியில். கல்லுக்காலை நாலு நாலாக ஃபோர்க்கில் கொண்டுபோனோம், நட்டு நிமிர்த்த மூன்று ஆள் போதுமாக இருந்தது. மாங்குழியும் பைப்லைனும் ஜேசிபி, ஒரு அடி பக்கெட் என்று மூன்று தடவை ஃபோனில் சொல்லியும் இரண்டடியோடு வந்தார், திருப்பி அனுப்பி மாற்றி வரச் சொன்னேன். மேல் மண் தனி, கீழ் மண் தனி. மூடியது முழுக்க பாப்கேட்.

மொரப்பூர் ஆபரேட்டர்:
திருப்பி அனுப்பினீர்களா! அந்த டிரைவர் யார் என்று எனக்குத் தெரியும், நேற்று டீக்கடையில் உங்களைத் திட்டிக்கொண்டிருந்தான் 😀 நல்ல வேலை செய்தீங்க தம்பி.

காரிமங்கலத்தான்:
ஒரு சந்தேகம் மட்டும். பிட்டில் இருக்கும் புல்லட் பல் எட்டில் மூன்று ஒரு பக்கமாகச் சப்பையாகத் தேய்ந்திருக்கிறது. மற்றது எல்லாம் கூராகவே இருக்கிறது. தரமில்லாத பல்லைப் போட்டுக் கொடுத்துவிட்டார்களா?

ஓசூர் ஹைட்ராலிக்ஸ்:
பல்லில் தப்பில்லை. அந்தப் பல் தன் குழிக்குள் சுற்றிக்கொண்டே தேய வேண்டும், அப்போதுதான் பென்சில் மாதிரி நாலு பக்கமும் சமமாகக் கூர் நிற்கும். சுக்கான் மாவு ஈரத்தோடு உள்ளே போய் இறுகி அந்த மூன்றும் சுற்றாமல் நின்றிருக்கிறது. தினமும் வேலை முடிந்ததும் தண்ணீர் அடித்து, ஒவ்வொரு பல்லையும் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றாததைச் சுத்தியால் லேசாகத் தட்டினால் விடும். தேய்ந்த மூன்றை மட்டும் மாற்றுங்கள், முழு செட் வாங்க வேண்டாம். நடுவில் இருக்கும் மீன்வால் முனையையும் பாருங்கள், அது மழுங்கினால் குழி கோணலாகப் போகும்.

தேன்கனிக்கோட்டை ரோஜா:
முழு இழையும் படித்தேன். எங்கள் நிலத்தில் மூன்றடிக்குக் கல்லே கிடையாது, பாலிஹவுஸுக்குள் சொட்டு நீர் மெயின் போட 1,400 அடி வாய்க்கால் வேண்டும். எனக்கும் டிரெஞ்சர் வேண்டாமா?

மல்பெரி ராயக்கோட்டை:
உங்களுக்கு டிரெஞ்சர்தான் சரி. முதலில் கடப்பாரை.